வேதுத் தண்ணியிலை மறைஞ்ச மணம்

ஊர்ப் பெண்டுகளின்ரை உடம்பு முழுக்க என்ரை கொப்பியிலை கிடக்குது. கோப்பாயிலை என்ரை சீதன வீட்டு விறாந்தையிலை மெசின் போட்டுப் பதினைஞ்சு வருசமாய்த் தைக்கிறன். ஆருக்கு எவ்வளவு நெஞ்சு, ஆருக்கு எவ்வளவு இடுப்பு, ஆர் போன தீபாவளிக்குப் பிறகு பெருத்தது எண்டு கேட்டால் கொப்பி பாக்காமலே சொல்லுவன். என்ரை அளவை மட்டும் எழுதி வைக்கேல்லை. இடுப்பு முப்பத்திரண்டு. அது மாறாது எண்டு ஒரு திமிர்.

போன வருசம் பங்குனியிலை என்ரை பாவாடைக்கு நாடா மாத்தேக்கை சும்மா ஒருக்கால் அளந்து பாத்தன். முப்பத்தெட்டு. அளக்கிற ரேப் இழுபட்டுப் போச்சாக்கும் எண்டு புது ரேப்பை எடுத்தன். அதுவும் முப்பத்தெட்டு. கையும் காலும் மெலிஞ்சு கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்குது, வயிறு மட்டும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிக்குது. அதுக்கு முந்தியே ஒரு வருசமாய் மாதாமாதம் போற ரத்தம் அஞ்சு நாள் பத்து நாளாகி, கட்டி கட்டியாய்ப் போகத் தொடங்கியிருந்தது. மெசினாலை எழும்பேக்கை கதிரையைத் திரும்பிப் பாக்கிறது பழக்கமாப் போச்சு. ஆனாலும் ஆரிட்டையும் காட்டேல்லை. அந்த ரேப்பைக் கண்ட பிறகுதான் எனக்குப் பயம் பிடிச்சது.

யாழ்ப்பாணத்திலை ஸ்கான் எடுத்த டொக்டர் அம்மா படத்தை என்ரை பக்கம் திருப்பிக் காட்டினா. பிறகு சொன்னா, கர்ப்பப்பையிலை பைபிரொயிட் எண்டுற கட்டி, ஒண்டு பெரிசு, மூண்டு நாலு சின்னன். எல்லாம் சேந்து அஞ்சு மாதப் பிள்ளைத்தாச்சியின்ரை கர்ப்பப்பை அளவிலை நிக்குதாம். டொக்டர்மார் இந்தக் கட்டியையும் மாதக் கணக்கிலைதான் அளக்கினமெண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். எனக்கு முப்பத்தொன்பது வயது, கலியாணம் கட்டிப் பதினொரு வருசம், பிள்ளை இல்லை. ரத்தம் வத்திப்போச்சு, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நிம்மதி எண்டா அவா. சொன்னதிலை பிழை இல்லை. எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேற வழி இல்லையோ எண்டு சண்டைக்குப் போறமாதிரிக் கேட்டன்.

இருக்கு எண்டா. கட்டிக்கு ரத்தம் கொண்டுபோற குழாயை உள்ளுக்கை அடைச்சுவிடுகிற வைத்தியம், எம்போலைசேஷன் எண்டு பேர், கொழும்பிலை செய்யினம். வயிறு வெட்டத் தேவையில்லை, தொடையடியிலை ஒரு சின்ன ஓட்டை போதும். ரத்தம் கிடைக்காமல் கட்டி பட்டினி கிடந்து மெல்ல மெல்லச் சுருங்கும். இதைச் சொல்லிப்போட்டு என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு மற்றதையும் சொன்னா. பிள்ளை தரிக்கும் எண்டு ஆரும் உறுதி சொல்லமாட்டினம். அருமையாய்ச் சிலபேருக்குச் செத்த கட்டி உள்ளுக்கை கிடந்து அழுகும். அப்படி வந்தால் கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேணும், பிந்தினால் உயிருக்கே ஆபத்து.

எனக்கு அது பிள்ளைக்காக இல்லை. அந்த ஆசையை எப்பவோ மடிச்சு வைச்சாச்சு. ஆனால் உள்ளுக்கை என்ரை எண்டு இருக்கிற ஒண்டை வெட்டி எறிஞ்சுபோட்டு வெறும் கூடாய்த் திரிய எனக்கு ஏலாது. இவரிட்டைச் சொன்னன். வெங்காயத் தோட்டத்தாலை வந்து காலிலை மண்ணோடை நிண்ட மனிசன், உனக்கு எது சரியோ அதைச் செய்வம் எண்டார். ஆறு கிழமையிலை, ஒண்டரை மாதத்திலை, நாள் கிடைச்சது.

அந்த ஆறு கிழமைக்குள்ளைதான் நான் அந்தப் பிழையைச் செய்தன்.

மாமா செத்த பிறகு மாமி எங்களோடைதான் இருக்கிறா. அவாவுக்கும் வாய், எனக்கும் வாய். பிள்ளை இல்லாத வீட்டிலை மாமியும் மருமகளும் எப்படி இருப்பினமெண்டு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பதினொரு வருசமும் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவா, அதுவும் கடைசி எழுத்தைக் கடிச்சுக்கொண்டு. ஒருநாள் காலமை நான் கொடியிலை உடுப்புக் காயப்போடக் கையைத் தூக்க, சட்டை வயித்தோடை ஒட்டிப் பிடிச்சுக்கொண்டுது. மாமி குசினிப் படியிலை இருந்து பாத்துக்கொண்டிருந்தா. ஒரு கண்ணிலை அவாவுக்கு வெண்படலம், மற்றக் கண்ணாலைதான் எல்லாத்தையும் பாக்கிறது. எழும்பிக் கிட்ட வந்து கையை நீட்டி, தொடாமல், மெல்லக் கேட்டா.

“எத்தினை மாதம், மோனை?”

மோனை எண்டா, பெத்த பிள்ளையைக் கூப்பிடுறமாதிரி. பதினொரு வருசத்திலை முதல் தரம். நான் வாயைத் திறந்தன், இல்லை மாமி இது கட்டி எண்டு சொல்லத்தான் திறந்தன். வாயிலை ஒண்டும் வரேல்லை. அவா தானாய் விரலை மடிச்சு எண்ணி, மூண்டரை இருக்கும் எண்டு முடிவு கட்டி, அப்படியே நல்லூர்ப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுக் கற்பூரச்சட்டி எடுக்கிறதெண்டு நேர்த்தி வைச்சா. கண்ணாலை தண்ணி ஓடினது. வாளியைப் பறிச்சு மிச்ச உடுப்பை அவாவே காயப்போட்டா.

இவர் பின்னேரம் கேட்டுப்போட்டு மண்வெட்டியைச் சுவரோடை சாத்தினார். அம்மாவுக்கு உண்மையைச் சொல்லுவம் எண்டார். பொறுங்கோ, நானே சொல்லுறன் எண்டன். நாளைக்கு, நாளண்டைக்கு, வெள்ளி கழியட்டும் எண்டு இழுத்தன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது இனிச்சது. அடுப்படியிலை நிக்க விடமாட்டா. மாதுளம்பழம் உரிச்சு, முத்து முத்தாய்க் கிண்ணத்திலை போட்டு, மெசின் பலகையிலை கொண்டுவந்து வைப்பா. பிள்ளைத்தாச்சி செத்தவீட்டுக்குப் போகக்கூடாதெண்டு அடுத்த ஒழுங்கைச் செத்தவீட்டுக்கு அவாவே என்ரை பங்குக்கும் போய் அழுதுபோட்டு வந்தா. வெக்கங்கெட்டவள் நான், எல்லாத்தையும் வாங்கிக்கொண்டு இருந்தன்.

ஆனால் ரத்தம் நிக்கேல்லையே. முந்தி விளக்கை எந்த நாளும் மாமிதான் வைப்பா, நான் அந்த நாளுகளிலை சாமியறைப் பக்கம் போகாதது அவாவின்ரை கண்ணிலை படாது. இப்ப பிள்ளைத்தாச்சிதான் விளக்கு வைக்கவேணும் எண்டு பிடிவாதம், ஒரு நாள் போகாமல் விட்டால் பிடிபட்டுப்போவன். இரண்டு துணி மடிச்சுக் கட்டிக்கொண்டு, அடிவயிறு இழுக்க இழுக்க, உள்ளுக்கை போய்த் திரி ஏத்தினன். பின்னாலை மாமி கைகூப்பிக்கொண்டு நிக்கிறா. சாமிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவாவுக்கு மட்டும் தெரியாது. விளக்கு வைச்சு முடிச்சுத் திரும்பேக்கை இந்தப் பொய்க்கு எங்கையோ ஒரு கணக்குத் தீரத்தான் போகுது எண்டு எனக்குப் பட்டுது. நான் பெரிய பக்திக்காரி இல்லை. எண்டாலும் அந்தப் பயம் பயம்தான்.

இன்னொண்டும் அந்தக் கிழமைகளிலை நடந்தது, அப்ப நான் பெரிசாய் எடுக்கேல்லை. மெசினுக்குக் கீழை வெட்டுத்துண்டு போடுற பெட்டியிலை மெல்லிசான வெள்ளை வொயில் துணித் துண்டுகள் குறைஞ்சுகொண்டு வந்தது. ஊசிப் பைக்கற்றிலையும் ஒரு ஊசியைக் காணேல்லை. தைக்கக் குடுக்க வந்த ஆரோ தூக்கிக்கொண்டு போட்டுதுகள் எண்டு மனதுக்குள்ளை திட்டினன். சின்னப்பிள்ளைச் சட்டைக்குத்தான் நான் அந்த வெள்ளைத் துண்டுகளைச் சேத்து வைக்கிறது. அதுவும் பிள்ளை பிறந்து துடக்கு, தீட்டு எல்லாம் கழிஞ்ச பிறகுதான் வந்து கேப்பினம். எங்கடை பக்கம் பிறக்க முந்தி ஆரும் சட்டை தைக்கிறேல்லை, வாங்கிறதுமில்லை. முந்தித் தைச்சால் பிள்ளை நிக்காது எண்டு ஒரு பயம். அவசரப்பட்டு முந்தி வந்த ஒண்டு இரண்டு பேரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறன்.

பெரிய டொக்டரிட்டைக் காட்டப் போறம் எண்டு மாமிக்குச் சொல்லிப்போட்டு, காலமை ரெயினிலை நானும் இவரும் கொழும்புக்குப் போனம். வாசலிலை திருநீறு பூசிவிட்டா. வழியிலை சத்தி வராமல் மணந்துகொண்டு போ எண்டு வளவு எலுமிச்சையிலை இரண்டு தேசிக்காய் ஆய்ஞ்சு தந்தா. கைப்பையிலை அந்தத் தேசிக்காய் கிடக்க, ஆஸ்பத்திரிக் கட்டிலிலை ஏறிப் படுத்தன்.

வயித்திலை ஒரு வெட்டும் இல்லை எண்டது உண்மைதான். அரை மயக்கத்திலை கிடந்தன். தொடையடியிலை ஊசி குத்தி, நூல் மாதிரி ஒரு குழாயை உள்ளுக்கை விட்டினம். பக்கத்துப் பெட்டித் திரையிலை என்ரை ரத்தக்குழாயெல்லாம் கறுப்பாய்க் கிளை பிரிஞ்சு தெரிஞ்சது. மருந்து ஓட அடிவயித்திலை சூடு பரவினது. பிறகு மணல்போலை ஏதோ துகளை அதுக்குள்ளாலை அனுப்பினம். கொஞ்ச நேரத்தாலை அந்தக் கிளையளிலை ஒண்டு தெரியாமல் போச்சு. பிறகு மற்றது. டொக்டர் நல்லாய் வந்திருக்கெண்டார். எனக்கு அதைப் பாக்க ஏனோ பிடிக்கேல்லை. உள்ளுக்கை ஒண்டைப் பட்டினி போட்டுக் கொல்லுறம் எண்டு தோன்றினது. என்னை நானே ஏசினன், அது கட்டியடி விசரி எண்டு.

நோ பிறகுதான் வந்தது. பிள்ளை பெத்தவை சொல்லுற நோவெல்லாம் இதுதானாக்கும் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தன். அடுத்த நாள் தணிஞ்சுது. வீட்டை விடேக்கை ஒரு தாதிப் பிள்ளை, மலைநாட்டுப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை, கட்டிலிலை இருந்து ஒவ்வொண்டாய் விளங்கப்படுத்தினா. முதல் கிழமை கொஞ்சம் காய்ச்சல் வரலாம், பயப்படத் தேவையில்லை. சிலபேருக்குக் கட்டி துண்டாய் வெளியிலை வரும். ஒரு கிழமைக்குப் பிறகும் காய்ச்சல் வந்தால், துணியிலை படுறதிலை கெட்ட மணம் வந்தால், நாளைக்கு எண்டு இருக்கவேண்டாம், உடனை ஆஸ்பத்திரி. மணம் எண்டதை இரண்டு தரம் சொன்னா. நான் இரண்டு தரமும் தலையாட்டினன்.

ரெயினிலை வரேக்கை, மாமிக்கு இனி என்ன சொல்லுறது எண்டு நான் கேக்க, இவர் தான் பாத்துக்கொள்ளுறன் எண்டார். இவர் பொய் சொல்லிப் பழகாத மனிசன். வீட்டை வந்ததும் தாயின்ரை முகத்தைப் பாக்காமல், நிக்கேல்லையாம் அம்மா, உள்ளுக்கையே பட்டுப்போச்சாம், தானாய் வெளியிலை வருமாம் எண்டார். கட்டிக்கு டொக்டர் சொன்னதையெல்லாம் பிள்ளைக்குச் சொல்லிப்போட்டார். நானும் பக்கத்திலைதான் நிண்டன். அந்த நேரம் வாய் திறந்திருக்கலாம். திறக்கேல்லை.

மாமி அழுவா, ஏசுவா எண்டு பாத்தன். ஒண்டுமில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போய் இலை வெட்டத் தொடங்கினா. பாவட்டை, நொச்சி, ஆடாதோடை, வேம்பு, ஆமணக்கு. எங்கடை பக்கம் பிள்ளை பெத்தவைக்கு இந்த இலையெல்லாம் போட்டுக் கொதிக்கவைச்சு, பொறுக்கக்கூடிய சூட்டிலை வார்க்கிறது வேதுத் தண்ணி. கலைஞ்சாலும் அதுவும் ஒரு பேறுதான், செய்ய வேண்டியதைச் செய்யத்தான் வேணும் எண்டு மாமி இவருக்குச் சொன்னது எனக்கு அறைக்குள்ளை கேட்டது.

அறை யன்னலைச் சாத்தினா. சாம்பிராணிப் புகை போட்டா. மயிலிட்டியிலை இருந்து வாற மீன்காரரை மறிச்சுச் சின்ன மீன் வாங்கி, உள்ளியும் மிளகும் பெருங்காயமும் அரைச்ச சரக்குக் கறி வைச்சா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகையிலை இருத்தி வேது வார்த்தா. வார்க்கேக்கை என்ரை முகத்தைப் பாக்கமாட்டா. காலடியிலை ஓடிப்போற தண்ணியைத்தான் குனிஞ்சு, அந்த ஒரு கண்ணாலை பாத்துக்கொண்டே இருப்பா. அவா என்னத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறா எண்டு மூண்டாம் தரம்தான் எனக்கு விளங்கினது. பட்டுப்போன பிள்ளை விழும் எண்டு.

ஒரு கிழமை கழிஞ்சுது. காய்ச்சல் விட்டுப் பிறகும் பிடிச்சது. பின்னேரத்திலை பல்லுக் கிடுகிடுக்கும். மாமி, உடம்பு காயுற காய்ச்சல், இருக்கத்தான் செய்யும் எண்டா. துணியிலை படுறது மண்ணிறமாய், கொழகொழத்து வந்தது. அழுக்குக் கழியட்டும், மறிக்கக்கூடாது எண்டா. மணக்குதோ எண்டு நான் மோந்து மோந்து பாத்தன். எனக்கு உள்ளி மணக்குது, பெருங்காயம் மணக்குது, நொச்சி மணக்குது, சாம்பிராணி மணக்குது. அதுக்குள்ளை வேற ஏதோ ஒண்டு இருக்கிறமாதிரியும் கிடக்குது, இல்லாத மாதிரியும் கிடக்குது. நடவு நேரம், இவர் விடியத் தோட்டத்துக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார். அவருக்கும் மணம் தெரியேல்லை. அந்த அறைக்குள்ளை ஒரு நாய் செத்துக் கிடந்திருந்தாலும் தெரிஞ்சிராது.

வீட்டை வந்த பதினோராம் நாள் மத்தியானம் கொழும்பாலை அந்தத் தாதிப் பிள்ளை போன் எடுத்தா. ஒழுங்காய் எல்லாரையும் விசாரிக்கிறவையாம். மாமி சரக்குக் கறிக் கிண்ணத்தோடை கட்டிலடியிலை நிக்கிறா. காய்ச்சல் இருக்கோ எண்டு தாதிப் பிள்ளை கேட்டா. இல்லை எண்டன். நோ கூடுதோ எண்டா. இல்லை. படுறதிலை கெட்ட மணம் ஏதும் வருதோ அக்கா, வடிவாய் யோசிச்சுச் சொல்லுங்கோ எண்டா. மாமி என்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறா, கிண்ணத்தாலை ஆவி பறக்குது. ஓம் எண்டால் ஆஸ்பத்திரி, அங்கை போனால் பொய் உடையும். இல்லை எண்டன். சந்தோசம் அக்கா எண்டு வைச்சிட்டா. போனைப் பிடிச்ச கை நெருப்பாய்க் கொதிச்சது, அது எனக்கே தெரியுது. ஆர் எடுத்தது எண்டு மாமி கேட்டா. கொழும்பாலை ஒரு பிளவுஸ் ஓடர் எண்டு சொன்னன். அப்பிடிப் பொய் சொல்ல எனக்கு நாக்கு எங்கையிருந்து வளைஞ்சுதோ தெரியாது.

பதின்மூண்டாம் நாள் காலமை கிணத்தடியிலை அது நடந்தது. மூண்டாவது செம்பு வார்க்கேக்கை அடிவயித்தைப் பிடிச்சு முறுக்கி எறிஞ்சமாதிரி ஒரு நோ. பலகையைக் கட்டிப்பிடிச்சன். என்னட்டை இருந்து ஏதோ கழண்டு விழுந்தது. ஒரு பொத்தின கையளவு இருக்கும், சாம்பல் நிறம். வெளிக் காத்திலை, அந்த இலைத்தண்ணிக்கு மேலாலை, அப்பதான் மணம் முகத்திலை அடிச்சது. அழுகின இறைச்சி மணம். எனக்கு எல்லாம் ஒரே நேரத்திலை விளங்கிப்போச்சு.

மாமி செம்பைப் போட்டிட்டு அப்படியே நிலத்திலை இருந்திட்டா. நீ பாக்காதை மோனை, கண்ணை மூடு எண்டு என்ரை முகத்தைத் தன்ரை கையாலை பொத்தினா. பிறகு அதைச் சாறித் தலைப்பிலை அள்ளினா. அதோடை வீட்டுக்குள்ளை போய்த் திரும்பி வந்தா, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தேசிக்காய் மரத்தடிப் பக்கம் போனா. வாய்க்குள்ளை ஏதோ ஒப்பாரி. நான் கூப்பிட்டன், அவாவுக்குக் கேக்கேல்லை. கிணத்துக் கட்டிலை சாய்ஞ்சது வரைதான் ஞாபகம்.

ஆரோ ஓடிப்போய் இவரைத் தோட்டத்தாலை கூட்டிவந்து, ஓட்டோவிலை தூக்கிப் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு வந்தினம். வாட்டிலை ஒரு இளம் டொக்டர்ப் பிள்ளை கொழும்புக் கடதாசியைப் பாத்தா, என்னைப் பாத்தா, மணத்தையும் பிடிச்சா. முகம் மாறினது. நீட்டி முழக்காமல் சொன்னா. உள்ளுக்கை கிருமி பரவத் தொடங்கியிட்டுது. மிச்சம் கிடக்கிறதைப் பின்னேரத்துக்கு முதல் எடுக்கவேணும். எடுக்க ஏலாமல் போனால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டிவரும், அதுக்கும் சேத்துக் கையெழுத்து வையுங்கோ. வந்த துண்டு எங்கை? முழுசாய் வந்ததோ உடைஞ்சு வந்ததோ எண்டு பாக்கோணும். அது என்ன சாதிக் கட்டி எண்டு சோதிக்கவும் வேணும், இதுவரைக்கும் அதை ஆரும் வெட்டிச் சோதிக்கேல்லைத்தானே. இவர் வீட்டை போன் எடுத்தார். மாமி, புதைச்சதைத் தோண்டக்கூடாது, இடம் சொல்லமாட்டன் எண்டு ஒரே பிடியாய் நிண்டா.

போனை இஞ்சை தாங்கோ எண்டு நான் வாங்கினன். ஒரு கையிலை சேலைன். மற்றக் கையாலை போனைப் பிடிக்க ஏலாமல் இவர்தான் காதிலை வைச்சுப் பிடிச்சார்.

“மாமி, அது பிள்ளையில்லை. ஒருநாளும் பிள்ளையாய் இருக்கேல்லை. கட்டி. நீங்கள் மோனை எண்டு கூப்பிட்டதாலை நான் பொய் சொல்லிப்போட்டன்.”

அந்தப் பக்கம் கோழி கத்தினது கேட்டது. பிறகு போன் நிண்டுட்டுது. கையெழுத்து வைக்கச் சொல்லிக் கடதாசியைத் தந்தினம். இந்தக் கர்ப்பப்பையை வைச்சிருக்கத்தானே கொழும்புவரைக்கும் போனன், இப்ப என்ரை கையாலையே எழுதிக் குடுக்கிறன் எண்டு நினைச்சன். எழுத்துக் கோணிக்கொண்டு போச்சு.

தியேட்டருக்குக் கொண்டுபோக வண்டிலிலை ஏத்தி வைச்சிருக்கேக்கை மாமி வந்தா. பஸ்ஸிலை தனிய வந்திருக்கிறா. நகத்துக்குள்ளை மண். நெஞ்சோடை பால்மா வந்த ஒரு தகர ரின்னை அணைச்சுப் பிடிச்சுக்கொண்டு, வாட்டு வாசலிலை நிண்டு எல்லாக் கட்டிலையும் அந்த ஒரு கண்ணாலை தேடினா. தாதி போய் ரின்னை வாங்கி, மேசையிலை வைச்சுத் திறந்து, இடுக்கியாலை துணியை விலத்தினா. நான் படுத்தபடி பாத்தன். அது வெறும் துணி இல்லை. வெள்ளை வொயில். கழுத்து வெட்டியிருந்தது, இரண்டு கைத்துளை, பொத்தானுக்குப் பதிலாய் இரண்டு நாடா. ஊசி பிடிக்கத் தெரியாத ஆரோ கையாலை தைச்ச கோணல் தையல், ஒண்டு நீட்டும் ஒண்டு கட்டையுமாய். என்ரை வெட்டுத்துண்டுப் பெட்டியிலை இல்லாமல் போனதெல்லாம் அங்கை இருந்தது. ஒரு உள்ளங்கை அகலச் சட்டை.

மாமி வண்டிலுக்குக் கிட்ட வந்தா. கோபம் எண்டு பாத்தால் அது கோபம் இல்லை.

“பிறக்க முந்தி நான் சட்டை தைச்சுப்போட்டன். அந்தப் பிழையாலைதான் நிக்கேல்லை எண்டு பதின்மூண்டு நாளும் செத்துக்கொண்டிருந்தன். உண்மையைச் சொல்லு. அது பிள்ளையில்லையோ?”

நான் வேது குளிச்ச நாளெல்லாம் அவா என்ரை முகத்தைப் பாக்காமல் குனிஞ்சு நிண்டது அப்பதான் எனக்குச் சுட்டுது. நான் என்ரை பொய்யைக் காப்பாத்திக்கொண்டு கிடந்தன். அவா தான் ஒரு பிள்ளையைச் சாகடிச்சுப்போட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு இலை வெட்டியிருக்கிறா.

“இல்லை மாமி, கட்டி. உங்களாலை ஒண்டும் இல்லை,” எண்டன்.

அவா தலையாட்டினா. பிறகு தாதியிட்டைப் போனா.

“பிள்ளை, கட்டியை நீங்கள் வைச்சிருங்கோ. சட்டையைத் தாங்கோ, தோய்ச்சு எடுக்கிறன்.”

தர ஏலாது அம்மா, கிருமி ஊறிப்போச்சு, எரிக்கத்தான் வேணும் எண்டு தாதி மெல்லமாய்ச் சொன்னா. கொதிதண்ணியிலை போட்டுத் தோய்ச்சால் போகுமே எண்டு மாமி இன்னொருக்கால் கேட்டா. என்னை உள்ளுக்கை தள்ளிக்கொண்டு போகேக்கையும் அவா மேசையடியிலைதான் நிண்டா.

கர்ப்பப்பை தப்பிட்டுது. மிச்சத் துண்டைக் கீழாலை எடுத்து, இரண்டு கிழமை ஊசி போட்டுக் காய்ச்சலை அமத்தினம். சோதிச்ச கடதாசியிலை கெட்டது ஒண்டும் இல்லை. இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் கதை வேற எண்டு அந்த டொக்டர்ப் பிள்ளை கண்டிச்சா, எனக்கு அது தேவைதான். நேற்று ரேப்பை எடுத்து அளந்து பாத்தன், முப்பத்திமூண்டு.

மாமி என்னை ஒரு சொல்லும் ஏசேல்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசி ஒரு மாதிரி ஆறியிருப்பன். நான் ஆஸ்பத்திரியாலை வீட்டை வந்த அண்டு, கிணத்தடியிலை சுடுதண்ணி வைச்சிருந்தா. இலை ஒண்டும் போடாத வெறும் தண்ணி. பழையபடி என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, தண்ணி ஆறமுதல் போய்க் குளி எண்டா.